அம்பூரிப் படையும் சவப்பெட்டித் தங்கமும்

டிசம்பர் இருபத்துநாலாம் தேதி மதியம் பன்னிரண்டரை மணிக்கு நெய்யாற்றின்கரை பஸ்ஸிலிருந்து இறங்கினேன். உலகம் நீலம் போட்டு வெளுத்த வேட்டி மாதிரி ஒரே வெள்ளையாக இருந்தது. கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டிருந்தார். கண்மணி விரிந்துவிடும், கிட்டத்தில் இருக்கிற எதுவும் சாயங்காலம் வரை தெரியாது, வெயிலைப் பார்க்காதீர்கள் என்று சொல்லி, என்னை வெயிலுக்குள் அனுப்பிவைத்தார்.

வலது கண் இரண்டு வருஷத்துக்கு முன்பே சர்க்கரையில் போய்விட்டது. இருப்பது இடது. அதன் பின்பக்கத்திலும் ரத்தம் கசிகிறதாம். ஜனவரி கடைசியில் லேசர் அடிக்கவேண்டும்.

"அடிச்சா சரியாகுமா டாக்டர்?"

"இருக்கிறது நிக்கும், அவ்வளவுதான். பொடி வேலையெல்லாம் இனி விட்ரணும். என்ன ஜோலி பாக்கிறீங்க?"

"பாறசாலையில போட்டோஸ்டாட் கடை."

"அதுக்கு இது தாராளம்," என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஐம்பத்தொரு வயதில், நரைத்த மீசையோடு, 'டாக்டர், நான் ஒரு இஞ்ச் உயரமுள்ள ஈய வீரர்களுக்கு வர்ணம் பூசுகிறவன், அவர்களுக்குக் கண்ணுக்குள் கருவிழி வைக்கவேண்டும்' என்று சொன்னால், அவர் என்னை வேறு டாக்டரிடம் அனுப்பியிருப்பார்.

இந்தக் கிறுக்கு பஹ்ரைனில் பிடித்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். ஊருக்குத் திரும்பிய ஒரு இங்கிலீஷ்காரக் கணக்கு வாத்தியார், காலி செய்த வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எனக்குக் கொடுத்தார். பிஸ்கட் என்று நினைத்துத்தான் வாங்கினேன். உள்ளே நாற்பது வருஷத்துக்கு முன்னால் வார்த்த ஈய ஆட்கள் கிடந்தார்கள். மந்திரமும் எந்திரமும் ஒன்றாகக் குழம்பிப்போன ஏதோ ஒரு காலத்து ஜனங்கள். ஒருவனுக்குத் தவளைத் தலை, அதன்மேல் ஆகாசத்தில் பறக்கிறவன் தொப்பி. ஒருவன் கையில் வாள், இடுப்பில் கதிர்த் துப்பாக்கி. ஒரு இரும்பு மனிதன் துறவியின் அங்கி போட்டிருந்தான். இந்த மாதிரி ஆட்களைச் சேர்த்து, வெட்டி ஒட்டி, வர்ணம் பூசி, ஒரு சிறு படையாக மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கொச்சியில்கூட முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஜனவரி பத்தாம் தேதி அங்கே கூடுகிறார்கள். பழைய ஈயத்துக்கென்றே ஒரு மேசை. அதில் ஒரு இடம் எனக்கு.

என் படை அம்பூரிப் படை. ஆயிரம் வருஷம் கழித்துக் கடல் ஏறி வந்து பூவாரையும் நெய்யாற்றின்கரையையும் விழுங்கிவிட்டது. அலை அம்பூரி மலையடிவாரத்தில் வந்து நிற்கிறது. மேலே மிச்சமிருப்பது ரப்பரும், ரப்பர் வெட்டுகிறவர்களும். பதின்மூன்று பேர். துப்பாக்கிகளை அறுத்து எடுத்துவிட்டு மத்தி மீன் டின் தகரத்தில், பட்டை கீறிப் பால் வடிக்கிற பால்வெட்டுக் கத்தி செய்து கையில் கொடுத்தேன். நெற்றியில், விடியுமுன் வெட்டுவதற்காக, பாசிமணியை ஒட்டி ஹெட்லைட். இடுப்பில், பாதியாகப் பிளந்த மிளகுத் தோல், அதுதான் பால் பிடிக்கிற சிரட்டை. இரும்புத் துறவிக்குக் காலை எடுத்துவிட்டு ரப்பர் பாலை ஷீட் அடிக்கிற உருளை. இரண்டு வருஷ வேலை, எல்லாம் ஒற்றைக் கண்ணால். பன்னிரண்டு பேர் முடிந்து வார்னிஷும் அடித்தாகிவிட்டது. பதின்மூன்றாவது ஆள் படைத் தலைவி. அவளுக்கு உடம்பில் பாதி வர்ணம். முகம் வெறும் வெள்ளைப் பிரைமரோடு நின்றது. தலைவி இல்லாத படையை அந்த மேசையில் ஏற்றமாட்டார்கள், வர்ணம் பூசாத ஆளையும் ஏற்றமாட்டார்கள். லேசருக்கு முன்னால் அந்த முகத்தை முடிக்கவேண்டும். அதன்பிறகு எனக்கு வேறு படை கிடையாது.

இவ்வளவும் சொன்னது எதற்கென்றால், வீட்டுக்கு வந்து மேசையைத் தடவிப் பார்த்தபோது அங்கே ஒருவரும் இல்லை.

"விமலா, எனக்க ஆளுகள எங்க?"

விமலகுமாரி அடுக்களையிலிருந்து வந்தாள். அவளும் எனக்கு ஒரு வெள்ளை மேகம்தான். ஆனால் குரலில் நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்காத ஒரு மிதப்பு இருந்தது.

"கோவிலுக்குக் குடுத்தேன்."

"எதுக்கு?"

"புல்கூட்டுக்கு. சோபனதாஸ் சார் நேர வீட்டுக்கு வந்தாரு, காரெடுத்து. இருந்து சாயா குடிச்சிட்டுப் போனாரு."

சோபனதாஸ் சார் ரிட்டயர்டு டெபுட்டி தாசில்தார். அரசாங்கம் அவரை விட்டுவிட்டது, அவர் அரசாங்கத்தை விடவில்லை. எங்கள் சபையில் ஆராதனை மலையாளத்தில், சண்டை தமிழில், தீர்மானங்கள் சோபனதாஸ் சாரின் வாயில். புல்கூடு கமிட்டிக்கு அவர்தான் கன்வீனர். கிறிஸ்துமஸுக்கு வைக்கோல் வேய்ந்து, மாட்டுத் தொழுவம் கட்டி, பிள்ளை யேசுவைக் கிடத்துகிற அந்தப் புல்கூட்டுக்கு இங்கே சபைகளுக்குள் போட்டி உண்டு. போன வருஷம் ஒரு சபை நிஜ ஒட்டகம் கொண்டுவந்து, அது நடுவரைக் கடித்துவிட்டது. அதனால் இந்த வருஷம் போட்டி சின்னப் புல்கூட்டுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் கூடாது.

"அளவுக்கு ஆளுக கிட்டல்லியாம்," என்றாள் விமலா. "ஒங்க கிட்ட உண்டுண்ணு யாரோ பறஞ்சிருக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?"

"போன் அடிச்சேன், எடுக்கல்ல. கண்ணுல மருந்தோட கெடந்திருப்பிய. இருபது வருஷமா 'ஒனக்க மாப்பிள பொம்ம வச்சு வெளையாடுகாராமே'ண்ணு கேட்டு சிரிச்சவிய, இண்ணைக்கு முத்தத்துல வந்து நிண்ணு தாருங்கண்ணு கேட்டாவ. நான் குடுக்காண்டாமா?"

எனக்கும் ஒரு நிம்மதி. ஆட்கள் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள், இரண்டு நாளில் வந்துவிடுவார்கள். அப்போது அவள், அதே மிதப்போடு, சொன்னாள்:

"நல்ல பங்கியா ஆக்கியிருக்காவளாம். எல்லாத்துக்கும் தங்கக் கலரு அடிச்சு."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். கட்டில் அங்கே இல்லை. தரையில் உட்கார்ந்தேன்.

*

விமலாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. பார்த்தவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை நான் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

முதலில் ஜிஜினின் கடை. ஜிஜின் சவப்பெட்டி செய்கிறவன். பெட்டிக்கு ஓரமாகத் தங்கக் கோடு இழுக்க அவனே கலக்கிற பொடிப் பெயிண்ட், எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். செத்தவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

"ஓ, நான்தான் குடுத்தேன் அண்ணா," என்றான். "சோபனதாஸ் சார் பறஞ்சாரு, வானத்துச் சேனைக்காக்கும், சாதா கலரு ஆகாதுண்ணு. பத்தரை மணிக்கு முக்கி எடுத்தாவ."

"முக்கியா?"

"பிரஷு வச்சு அடிக்க நேரமில்லண்ணு, நூலுல கெட்டி டப்பாவுல முக்கி எடுத்தாவ."

விமலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜிஜினே, அத எளக்க முடியுமா?"

"அடியில என்ன அண்ணா இருக்கு?"

"அக்ரிலிக்கு. மேல வார்னிஷு ரெண்டு கோட்டு."

"அப்போ டர்பன்டைன் போதும். அடியில உள்ளத தொடாது. தின்னர் மட்டும் தொட்ராதுங்க, எல்லாத்தையும் கொண்டுபோவும்." கொஞ்சம் யோசித்தான். "அஞ்சு மணி வர பாக்கலாம். அது களிஞ்சா உளி வேணும். எனக்க பெயிண்டு மண்ணுக்குள்ள பத்து வருஷம் கெடந்தாலும் எளகாது."

அதை அவன் பெருமையாகத்தான் சொன்னான். மணி ஒன்றேகால். ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலில் டர்பன்டைன் ஊற்றிக் கொடுத்தான்.

*

சபை மண்டபத்தில் சோபனதாஸ் சார் மைக் செட்டுக்காரனுக்கு ஒலிபெருக்கி எந்தத் திசை பார்க்கவேண்டும் என்று கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். நான்கு திசையும் பார்க்கவேண்டும் என்பது கட்டளை.

"வரணும் ராஜதாஸ். ஒம்ம சேனைய நாங்க மகிமைப்படுத்தியாச்சு."

புல்கூடு ஒரு மேசைமேல் இருந்தது. எனக்குத் தெரிந்தது வைக்கோல் நிறத்தில் ஒரு மூட்டம், அதற்குள் மினுக்கி மினுக்கி அணையும் சீரியல் பல்பு, நடுவில் மஞ்சளாக ஏதோ கலங்கல். பெயிண்ட் வாடை மட்டும் தெளிவாக இருந்தது. நான் கையை நீட்டினேன். சார் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தொடப்பிடாது. நாலு மணிக்கு நடுவர்மாரு வாறாவ."

"சார், எனக்கு அத இப்பம் வேணும். அஞ்சு மணி ஆச்சுண்ணா அது போச்சு. ரெண்டு வருஷத்து ஜோலி சார்."

"ஜோலி வீணாப் போவல்லியே. நீரு அடிச்சிருந்த கலரு என்ன கலரு? சகதிக் கலரு. ஒருத்தனுக்கு மூஞ்சி பச்சை. தேவதூதனுக்கு பச்சை மூஞ்சி உண்டுமா?"

"அது தேவதூதன் இல்ல. ரப்பர் வெட்டுகாரன்."

"கையில வாளிருக்கு."

"அது பால்வெட்டுக் கத்தி சார்."

"சேனைண்ணு சொன்னா ஆயுதம் காணும், ராஜதாஸ். நம்ம ஆளுவ எறகு மட்டும் வச்சு, கோழி மாதிரி வச்சிருக்காவ. யேசு பொறந்த ராத்திரி வானத்துல வந்தது சேனையாக்கும். இத வேற ஒரு சபையும் யோசிச்சிருக்கமாட்டான். நெத்தியில வெளிச்சம் வேற. இதக் கண்டப்பமே எனக்கு மெய் சிலுத்துது."

பாதிக்குப் பாதி உண்மையாகவே சொன்னார். அதுதான் கஷ்டம். பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம், மெய் சிலிர்த்தவனை என்ன செய்வது?

நான் அப்போது செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒரு கண்தான் இருக்கிறது, அதுவும் ஜனவரியோடு முடிகிறது, இனி இன்னொன்று செய்ய முடியாது, ஒரு மணி நேரம் தாருங்கள், துடைத்துவிட்டு நானே திரும்பக் கொண்டுவந்து வைக்கிறேன் என்று கெஞ்சினேன். மைக் செட்டுக்காரன் ஒயரைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

சோபனதாஸ் சாருக்கும் மனசு இளகியது போலத்தான் இருந்தது. தொண்டையைச் செருமினார்.

"ஒரு அப்ளிக்கேஷன் எழுதிக் குடும்."

"என்னது?"

"கமிட்டி பாஸாக்கிய தீர்மானமாக்கும் இது. நான் தன்னிச்சையா எடுத்துத் தர ஒக்காது. நீரு எழுதிக் குடும், இருபத்தெட்டாம் தேதி கமிட்டி கூடும்போ அனுகூலமா பரிசீலிக்க வைக்கேன். இது எனக்க வாக்கு."

பேப்பரும் பேனாவும் அவரே கொடுத்தார். என்னால் எழுத முடியாது, கண் தெரியாது என்றேன். அப்படியானால் வேறொருவர் எழுதி நான் கைநாட்டு வைத்தாலும் சட்டப்படி செல்லும் என்று சொல்லிவிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் பிரியாணி சாப்பிடப் போனார். காவலுக்கு சஜன் நின்றான். கோவில் மணியடிக்கிறவன், நல்லவன், சொன்னதை மட்டும் செய்கிறவன்.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். மணி இரண்டு இருக்கும். பெயிண்ட் காய்கிற சத்தம் கேட்கும் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு நான் நம்பியிருப்பேன்.

விமலா சபைப் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர். இப்போது பேசினாள். அந்தக் குரலில்.

"சஜா, பிரியாணிக்கு தயிர்ச்சட்டிய யாரோ கோவில் படியில வச்சிட்டுப் போயிருக்காவ. பூனை நிக்குது."

சஜன் ஓடினான். படியில் சட்டியும் இல்லை, பூனையும் இல்லை. கோவில் வளாகத்துக்குள் நின்று, அதுவும் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், விமலகுமாரி சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

"எடுங்க," என்றாள். அவளுடைய சோற்றுப் பையைப் பிரித்துப் பிடித்தாள். "நான் எடுத்தா எது ஒங்க ஆளு, எது ஆட்டிடையன்ணு தெரியாது."

எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன. கையை உள்ளே விட்டேன். சீரியல் பல்பு ஒவ்வொரு தடவை மினுக்கும்போதும் கண்ணுக்குள் பட்டாசு வெடித்தது. கண்ணை மூடிக்கொண்டேன். விரலுக்கு எல்லோரையும் தெரியும். ஈயம் குளிர்ந்திருக்கும், கனக்கும். தவளைத் தலையன். உருளைக்கால் துறவி. ஒன்று, இரண்டு, ஐந்து. பெயிண்ட் விரலில் ஒட்டியது. ஒட்டுகிறது என்றால் உயிர் இருக்கிறது. பத்து. பன்னிரண்டு. பன்னிரண்டுக்குப் பிறகு கைக்கு வந்தது வைக்கோலுக்குள் கிடந்தது. கனமில்லை என்று விரல் சொன்னது. சஜனின் செருப்புச் சத்தம் வருகிறது என்று காது சொன்னது. காதை நம்பினேன்.

*

வீட்டுக்கு வந்து பழைய வேட்டியை விரித்துப் பையைக் கவிழ்த்தோம். விமலா எண்ணினாள்.

"பதிமூணு உண்டு," என்றாள். அப்புறம், "நம்ம ரட்சகா," என்றாள்.

"என்ன?"

"கூப்பிடல்ல. பறஞ்சதாக்கும். பதிமூணாவது ஆளு அவராக்கும்."

கையில் வாங்கிப் பார்த்தேன். பிறந்தநாள் கேக்குக்கு மேல் வைக்கிற பிளாஸ்டிக் பிள்ளை, தங்கத்தில் முக்கியது. நான் பிள்ளை யேசுவைத் திருடிக்கொண்டு, என் படைத் தலைவியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

எழுந்து வாசலுக்கு நடந்தேன். கதவுநிலையில் இடித்துக்கொண்டேன்.

"எங்க போறிய?"

"அவள விட்டுட்டு வந்தாச்சு. அவளில்லாம படை இல்ல விமலா."

"மணி மூணாவப் போவுது. அங்க இப்பம் எல்லாரும் வந்தாச்சு. போனா பிடிச்சு வச்சுக்குவாவ, வரவும் இல்ல போக்கும் இல்ல. இங்க பன்னெண்டு பேரு காஞ்சிட்டு இருக்காவ. ஒருத்திக்கு வேண்டி பன்னெண்டையும் விடப் போறியளா?"

கணக்கு சரிதான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

வேலை தொடங்கிய பிறகுதான் உறைத்தது: என்னால் செய்ய முடியாது. தங்கம் எங்கே முடிகிறது, பச்சை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எப்படித் துடைப்பது? விமலாதான் செய்யவேண்டும். இருபது வருஷமாக இந்த மேசையைத் தூசி தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

"காதுக்குடையிற பஞ்சுக் குச்சிய நனச்சு, உருட்டணும். தேய்க்கப்பிடாது. ஒரு குச்சிக்கு ஒரு உருட்டு. அப்புறம் புதுக் குச்சி."

"சும்மா இரிங்க. எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்தது வேறு. இரண்டு நிமிஷத்தில் எனக்கு மூக்கில் ஒரு நாற்றம் ஏறியது. டர்பன்டைன் நாற்றமில்லை.

"என்னது அது?"

"நெகப்பாலிஷ் எளக்குகது. ஷிஜிக்க பெட்டியில இருந்தது. சட்டுண்ணு போவுது பாருங்க, தங்கம் எல்லாம்..."

மகள் ஷிஜி பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். அவளுடைய நகப்பாலிஷ் நீக்கி தவளைத் தலையனுடைய தங்கத்தைக் கொண்டுபோனது, பச்சையைக் கொண்டுபோனது, தொப்பியைக் கொண்டுபோனது. அவன் கண்ணுக்கு நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்திருந்தேன்.

"வெறும் ஈயமாப் போச்சு," என்றாள் மெதுவாக.

திட்டினால் அவள் எழுந்து போய்விடுவாள், போனால் மிச்சம் பதினொன்றும் போகும். இருமல் மருந்து பாட்டிலைத் தடவி எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

அதன்பிறகு அவள் உருட்டினாள். முற்றத்தில் வெயில் சாயத் தொடங்கியது. அவள் பேசாமல் வேலை செய்தாள். எனக்குப் பேச்சுதான் கண்.

"என்ன தெரியுது, சொல்லு."

"தங்கம் எளகுது. அடியில நீலக் கலரு சாரம். முட்டுக்கு மேல மடிச்சுக் கெட்டியிருக்கான். சாரத்துல கட்டம் உண்டும்." குச்சியை மாற்றினாள். "இந்தக் கட்டத்த எப்படி போட்டிய?"

"பிரஷ்ஷுல மூணு மயிர் மட்டும் விட்டுட்டு மத்தத வெட்டிப்போட்டு."

"கிறுக்கு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இவனுக்க காலுல அட்டை கடிச்சு ரத்தம் வடியுது," என்றாள். குரலில் சிரிப்பு இருந்ததா அழுகை இருந்ததா என்று முகம் தெரியாமல் சொல்ல முடியவில்லை.

நாலேகாலுக்கு நான்கு திசையும் பார்த்த ஒலிபெருக்கி உயிர்பெற்றது. பாட்டு நின்றது, யாரோ இரண்டு தடவை ஊதினார்கள். எங்கள் வீட்டுக்கும் கோவிலுக்கும் இடையில் இரண்டு வாழைத்தோட்டம்தான். நடுவர் தலைவர் பேசப்போகிறார் என்றார்கள். பூவாரிலிருந்து வந்த ததேயூஸ், புனிதர் சொரூபங்களுக்கும் படகுகளுக்கும் வர்ணம் அடிக்கிறவர். கத்தோலிக்கர்களுக்குத்தான் புல்கூடு தெரியும் என்று எல்லாச் சபையும் சேர்ந்து அவரை நடுவராக்கியிருந்தார்கள்.

"பிடிச்சாச்சு," என்றேன். "தொட்டில் காலிண்ணு கண்டுட்டாவ."

விமலா குச்சியை நிறுத்தவில்லை. "ஏழாவது ஆளு," என்றாள்.

ததேயூஸின் குரல் கடல்காற்றில் பேசிப் பழகிய குரல், மைக் தேவையே இல்லை.

"நாங்க காலத்த தொட்டு பதினோரு கோவிலுக்குப் போயாச்சு. எல்லா எடத்துலயும் பிள்ள பொறந்து கெடக்கு. நான் கேக்கேன், பிள்ள பொறக்கது எப்பம்? பாதிராவுக்காக்கும். சாயங்காலம் நாலு மணிக்கே பெத்துப் போட்டா, மாதாவுக்கு அது எப்படி இருக்கும்? எங்க பூவார்ல பன்னெண்டு மணி அடிக்காம பிள்ளையத் தொட்டில்ல கெடத்தமாட்டோம். இந்தச் சபையில மட்டுந்தான் தொட்டில் காலியா இருக்கு. இந்த அறிவு ஒங்களுக்கு எங்கேருந்து வந்ததுண்ணு எனக்குத் தெரியல்ல. கூட்டமும் இல்ல, கொட்டும் இல்ல. ஒரே ஒரு தேவதூதன், நெத்தியில வெளிச்சம் வச்சுட்டு, பொறக்கப்போற பிள்ளைக்கு வேண்டி காத்து நிக்குது. எனக்குக் கண்ணு நெறஞ்சுபோச்சு. ஒண்ணாம் சம்மானம் இதுக்குத்தான்."

கைதட்டல். பின்னாலேயே சோபனதாஸ் சார்.

"இது தற்செயலா நடந்ததில்ல. நம்ம கமிட்டி ஆழமா ஆலோசிச்சு, எளிமைதான் வேணும்ணு எடுத்த தீர்மானமாக்கும்."

விமலா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது, அந்த ஒரே ஒரு தேவதூதன் அங்கே காய்ந்துகொண்டிருக்கிறாள் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

ஐந்தரைக்கு டர்பன்டைன் தீர்ந்தது. ஒன்பது பேர் முழுசாகத் தப்பினார்கள். கடைசி இரண்டு பேருக்குத் தங்கம் இறுகிவிட்டது, இடுப்புக்குக் கீழே இளகவில்லை. தவளைத் தலையன் வெறும் ஈயம்.

*

சோபனதாஸ் சார் ஆறு மணிக்கு வந்தார். காரில்லாமல், நடந்து, பின்வாசல் வழியாக.

"ராஜதாஸ்," என்றார் தாழ்ந்த குரலில், "நடந்ததப்பத்தி கமிட்டிக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்ல."

"சரி சார்."

"பிள்ளைய மட்டும் தந்திரும். பாதிராவுக்கு ஆராதனை. எல்லாருக்க முன்னாலயும் தொட்டில்ல கெடத்தணும்ணு பூவார்காரன் மைக்குல பறஞ்சுட்டுப் போயிட்டான். அவனும் பாக்க வாறானாம்."

"அப்ளிக்கேஷன் கொண்டுவந்தியளா சார்?" என்றாள் விமலா.

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய எதையோ எடுத்தார். விமலா அதை வாங்கிக்கொண்டு, பிள்ளையைக் கொடுத்தாள். அவர் விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுக்கத் தங்கம் எங்க?"

"மத்ததோட சேத்து அதையும் தொடச்சுட்டேன் சார்."

"கையில பால்குப்பி இருக்கு."

"பாதிராவுக்குப் பொறக்கப் பிள்ள, பசிக்காதா?"

அவர் போனபோது கேட்டின் தாழ்ப்பாள் இரண்டு தடவை விழுந்தது. முதல் தடவை சரியாக விழவில்லை போலிருக்கிறது.

கைக்குட்டையைப் பிரித்து விமலா அவளை என் உள்ளங்கையில் வைத்தாள். நகத்தால் சுரண்டினேன். வழுக்கியது. ஜிஜின் பெருமைப்பட்டது சரிதான். பிரைமருக்கு மேல் வார்னிஷ் இல்லாததால் தங்கம் உள்ளே ஊறிப் பிடித்திருந்தது. அதை எடுக்கவேண்டுமானால் நகப்பாலிஷ் நீக்கிதான். எடுத்துவிட்டு முதலிலிருந்து பூசவேண்டும். பூச ஒரு கண் வேண்டும்.

விமலா அவளைத் திரும்ப எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள் போலிருக்கிறது.

"இவ நைட்டிக்கு மேல ஆம்பளைச் சட்ட போட்டிருக்கா," என்றாள்.

"ஓ."

"சட்டைக்க காலரு ஒரு பக்கம் மடங்கிக் கெடக்கு. ஒங்க பழைய பஹ்ரைன் சட்ட மாதிரி."

ஒற்றசேகரமங்கலத்தில் அவள் வீட்டுப் பங்காக வந்த எண்பது ரப்பர் மரம் இருக்கிறது. வெட்டுக்கு ஆள் கிடைக்காமல் போன நாளிலிருந்து அவளேதான் போய் வெட்டுகிறாள், என் பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு.

"அப்பம் மூஞ்சி மட்டும் ஏன் போடல்ல? ரெண்டு வருஷம் இருந்ததுல்லியா."

"வரல்ல."

"எப்படி வரும்? காலத்த மூணரைக்கு நான் ஹெட்லைட்டும் கெட்டிட்டு எறங்கும்போ நீங்க கவுந்து கெடந்து ஒறங்குவிய. ஒருநாளாவது கூட வந்து அந்த மூஞ்சியக் கண்டிருக்கியளா?"

திட்டாகச் சொல்லவில்லை. மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரி சொன்னாள்.

கோவிலில் பாட்டு தொடங்கியது. விதிப்படி பார்த்தால் தலைவிக்கு முழுதும் வர்ணம் பூசியாகிவிட்டது, சவப்பெட்டி வர்ணமானாலும் வர்ணம்தான். ஒன்பது நல்ல ஆட்கள், இரண்டு பேர் இடுப்பளவு தங்கத்தில், ஒருவன் மொட்டை ஈயம், தங்க முகத்தோடு ஒரு தலைவி. கொச்சிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க முடியவில்லை. வேறொன்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சாயங்காலம் வரை என்றுதான் சொல்லியிருந்தார். சாயங்காலம் போய்விட்டது. விளக்கு எனக்கு இன்னும் ஒரு வெள்ளைக் கலங்கலாகத்தான் இருந்தது.

"விமலா, மணி எத்தற?"

"ஏழு ஆவப் போவுது. மருந்து எறங்கல்லியா?"

"எறங்கும்."

அவள் கட்டில் ஓரத்தில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் டர்பன்டைன் வாடை. தலைவியை என் இடது கண்ணுக்கு நேராக, கொஞ்சம் தள்ளி, அப்புறம் கிட்டே, அப்புறம் மறுபடி தள்ளி, பிடித்துப் பார்த்தாள்.

"தெரியுதா?"

"மஞ்சளா என்னமோ தெரியுது."

"அதுதான்," என்றாள். கையைக் கீழே இறக்கவில்லை.